டயர் தின்ற பிளாஸ்டிக்

பழைய பிளாஸ்டிக் மாடல் கார் கிட் ஒன்றைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். 1960களில் வெளிவந்த அந்தக் கிட் இதுவரை கட்டப்படாமலே பெட்டிக்குள் இருந்திருக்கிறது. திறந்து பார்த்தால், கறுப்பு டயர்கள் சாய்ந்து கிடந்த இடங்களில் மட்டும் காரின் கூரையும் முன்கண்ணாடியும் இளகிக் குழிந்து, டயரின் பள்ளக்கோடுகள் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தனவாம். "வெயில் பட்டதாலா, அல்லது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கே மட்டமா?" என்பது அவர் கேள்வி.

இரண்டும் இல்லை. இந்த கிட்டுகள் வார்க்கப்படும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில்தான் இளகத் தொடங்கும். வெப்பம்தான் காரணம் என்றால் பெட்டியில் இருந்த அத்தனை பாகங்களும் வளைந்திருக்க வேண்டும். டயர் தொட்ட இடத்தை மட்டும் வெயில் தேடிப் பிடித்திருக்க முடியாது. உண்மையில் நடந்ததைப் புரிந்துகொள்ள, காரை ஒட்டுவதற்குப் பயன்படும் பசையிலிருந்து தொடங்குவதே நேர்வழி. டயர் செய்ததும் பசை செய்வதும் ஒரே வேலை, வேகம்தான் வேறு.

அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958இல், அந்த ஆண்டு விற்பனைக்கு வந்த கார்களையே இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பாகம் பாகமாகப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியில் இருந்த பாகங்களைக் கொண்டு காரை ஆலையில் இருந்து வந்த வடிவிலோ, அலங்கார மாற்றங்களுடனோ, பந்தயக் காராகவோ கட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, சில நொடிகளில் குளிரவைத்து வெளியே தள்ளும் முறையில்தான் இவை தயாராயின. அந்த முறை பலருக்கும் தெரிந்ததே என்பதால் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

பசைக்கு வருவோம். மரத்தை ஒட்டும் பசை இரு பரப்புகளுக்கு நடுவே தானும் ஒரு படலமாக இறுகி, இரண்டையும் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. மாடல் கார்களுக்கான நீர்த்த திரவப் பசையோ பெரும்பாலும் வெறும் கரைப்பான். பியூட்டைல் அசிடேட் போன்ற, விரைவில் ஆவியாகும் திரவங்கள்தான் அந்தக் குப்பியில் இருப்பவை. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடைவெளியின் ஒரு முனையைத் தூரிகையால் தொட்டாலே போதும்; நுண்புழை ஈர்ப்பால் திரவம் இணைப்பு நெடுகக் கண்ணெதிரே ஓடிப் பாய்கிறது. மெல்ல அழுத்தினால் இணைப்பில் மெல்லிய பிதுக்கம் ஒன்று எழும். அது பசையன்று, இளகிய பிளாஸ்டிக்கேதான். சில நாட்களில் கரைப்பான் முழுவதும் ஆவியாகிப் போனபின் அங்கே இருப்பது ஒட்டப்பட்ட இரண்டு துண்டுகள் அல்ல, ஒரே துண்டு.

இது எப்படி நிகழ்கிறது என்பதுதான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி. பாலிஸ்டைரீனின் ஒரு மூலக்கூறு, சில ஆயிரம் ஸ்டைரீன் அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. நேராக இழுத்துப் பிடிக்க முடிந்தால் அது அரை மைக்ரோமீட்டர் அளவுக்கு நீளும்; ஆனால் இயல்பில் அது சில பத்து நானோமீட்டர் அகலத்துக்குள் சுருண்டு, அண்டைச் சங்கிலிகளோடு பின்னிக் கிடக்கிறது. அறை வெப்பநிலையில் இந்தப் பின்னல் உறைந்து நிற்கிறது. கரைப்பானின் சிறிய மூலக்கூறுகள் உள்ளே புகுந்து சங்கிலிகளை விலக்கி இடம் உண்டாக்கும்போது, உறைந்தது இளகி, சங்கிலிகள் மீண்டும் நகரத் தொடங்குகின்றன. நகர்வது எளிதன்று. ஒரு சங்கிலி பக்கவாட்டில் அசைய முயன்றால் அண்டைச் சங்கிலிகள் தடுக்கின்றன. அவை அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் போல் நிற்கின்றன என்று 1967இல் இயற்பியலாளர் சாம் எட்வர்ட்ஸ் கருதினார். அந்தக் குழாய்க்குள் சங்கிலி, புதருக்குள் ஊரும் பாம்பைப் போல, தன் உடலின் நீளவாக்கிலேயே முன்னும் பின்னுமாக ஊர்ந்துதான் வெளியேற முடியும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் ழில் தெ ஜென் 1971இல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கின்படி சங்கிலியின் நீளம் இரண்டு மடங்கானால், அது குழாயை விட்டு வெளியேறும் நேரம் எட்டு மடங்காகும். சோதனைகளில் கிடைத்த மதிப்பு இதைவிடச் சற்றே கூடுதல். இணைப்புக்கு முழு வலிமை கிடைக்க, சங்கிலிகள் நெடுந்தூரம் போக வேண்டியதும் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டித் தம் சுருளின் அகலமளவு, அதாவது சில பத்து நானோமீட்டர் ஊர்ந்து அடுத்த பக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொண்டால் போதும். பசையை அதிகம் ஊற்றினால் அதிகம் ஒட்டும் என்ற பரவலான நம்பிக்கை ஏன் தவறு என்பது இதிலிருந்தே விளங்கும். கூடுதல் கரைப்பான் வலிமையைக் கூட்டுவதில்லை, பாகத்தின் வடிவத்தைத்தான் கெடுக்கிறது.

நெரிசலுக்குள் ஒரு சங்கிலி எப்படி ஊர்கிறது என்று ஆராய இன்று ஒருவர் நிதி கேட்டு விண்ணப்பித்தால், "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்ற கேள்வியோடு அது திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். தெ ஜென்னுக்கு 1991இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கணக்கு இன்று பிளாஸ்டிக்கை உருக்கி வார்ப்பது முதல் பற்றவைப்பது வரை பயன்படுகிறது.

இனி டயர். அக்கால கிட்டுகளின் டயர்கள் பெரும்பாலும் ரப்பர் அல்ல, மென்மையாக்கப்பட்ட பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக் தன்னளவில் விறைப்பானது. அதை வளையும்படி செய்ய, தாலேட் வகையைச் சேர்ந்த எண்ணெய் போன்ற திரவங்களை நிறையக் கலக்கிறார்கள். இந்தத் திரவம் பி.வி.சி. சங்கிலிகளோடு வேதிப்பிணைப்பால் கட்டப்படுவதில்லை. வெறுமனே இடையில் தங்கியிருக்கிறது. ஆகவே பாலிஸ்டைரீன் தொட்டுக்கொண்டிருந்தால், ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் குடியேறுகிறது. உள்ளே போனபின் அது செய்வது பசை செய்யும் அதே காரியம்: சங்கிலிகளை விலக்கி, இளகும் வெப்பநிலையை அறை வெப்பநிலைக்கே இறக்கிவிடுகிறது. வேறுபாடு ஒன்றுதான். பசையின் கரைப்பான் வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விடும். தாலேட் எளிதில் ஆவியாகாது. எனவே அந்த இடம் பிசுபிசுப்பாகவே நின்று, டயரின் எடைக்கே குழிந்து போகிறது. வெயில் இதைத் தொடங்கிவைப்பதில்லை, விரைவுபடுத்த மட்டுமே செய்யும். குழிந்ததை மீட்கவும் வழியில்லை. இளகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு நிரப்புமாவு இட்டுத் தேய்க்க வேண்டியதுதான். இன்னும் கட்டாத பெட்டி கையில் இருந்தால், டயர்களை எடுத்து அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வைப்பது நல்லது.

குரோம் பூச்சுள்ள பம்பர், கிரில் போன்ற பாகங்களில் பசை பிடிக்காததற்கும் விளக்கம் இதுவே. அவற்றின் மேல் இருப்பது பெரும்பாலும் குரோமியம் அல்ல, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய அலுமினியப் படலம். அதை ஒட்டும் இடத்தில் கத்தியால் சுரண்டினால்தான் கரைப்பானுக்குப் பிளாஸ்டிக் கிடைக்கும்.

சாயம் பூசும்போதும் இதே கரைப்பான்தான் முன்னே வந்து நிற்கிறது. அச்சுக்குள் விரைந்து பாய்ந்து குளிர்ந்த பிளாஸ்டிக்கில், இழுபட்ட நிலையிலேயே உறைந்த சங்கிலிகள் உண்டு. உண்மையான கார்களுக்கான ஸ்பிரே லாக்கர் சாயத்தில் உள்ள வீரியமான கரைப்பான் அவற்றை விடுவித்தால், வழவழப்பான பானெட் முழுவதும் வலைபோல நுண்விரிசல் ஓடிவிடும். அதனால்தான் முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு மெல்லிய பல பூச்சுகள் என்பது விதி. தூவிய சாயத்தின் கரைப்பான், உள்ளே இறங்கும் முன் காற்றில் போய்விட வேண்டும். எனாமல் வகைச் சாயத்தின் கரைப்பான் பாலிஸ்டைரீனை அவ்வளவாகத் தொடாது என்றாலும், எனாமல் காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெதுவாகத்தான் இறுகும். அது இறுகும் முன் மேலே லாக்கர் அடித்தால் சுருங்கிவிடும். ஒட்டிய இணைப்பையும் அவசரப்பட்டு உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. மிச்சக் கரைப்பான் பின்னர் வெளியேறும்போது அந்த இடம் இறங்கி, பளபளக்கும் சாயத்துக்கு அடியில் கோடாகத் தெரியும்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பழைய கார்களுக்கு வெள்ளை அடிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலுள்ள சிவப்புச் சாயப்பொருள் கரைப்பானில் கரைந்து மேலேறி, வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும். மேலே மேலே வெள்ளை அடிப்பது பயன் தராது, ஒவ்வொரு பூச்சும் புதிய கரைப்பானையே கொண்டுவருகிறது. இடையில் ஒருமுறை வெள்ளி நிறம் அடித்துக்கொள்வது பழகியவர்களின் வழக்கம். அதிலுள்ள தட்டையான அலுமினியச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சாயம் ஏறிவரும் பாதையை மறித்துக்கொள்கின்றன.