252-க்குள் ஒரு பனிக்காலம்

‘மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டரில் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். மலை, வயல், கூரை எல்லாம் வெள்ளை. புதிதாகச் சேர்த்த ஒரு மரம் மட்டும் சித்திரை மாத வேம்பு மாதிரி பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஏன்?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

ரயில் ஓட்டும் அந்தக் கணினி விளையாட்டில் பனி பெய்து படிவதே இல்லை. பனி படிந்தது போன்ற படத்தைப் பொருளின் மேல் போர்த்துகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் மரத்துக்குப் போர்த்தச் சொல்லி உத்தரவு போகவில்லை.

2001-இல் வந்த விளையாட்டு இது. இதே கோப்புகளைப் படிக்கும் ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளால் இன்றும் உயிரோடிருக்கிறது. இதில் மரமோ வீடோ எதுவானாலும் ஒரு முப்பரிமாண வடிவம், அதன்மேல் ஒட்டிய படம். படங்கள் ‘டெக்ஸ்சர்ஸ்’ என்ற கோப்புறையில் இருக்கும். அதற்குள் ஸ்பிரிங் (வசந்தம்), ஆட்டம் (இலையுதிர்காலம்), விண்டர் (குளிர்காலம்) என்று மூன்று உட்கோப்புறைகள். இம்மூன்றுக்கும் பனி பெய்யும் நாளுக்கென ஸ்பிரிங்ஸ்நோ, ஆட்டம்ஸ்நோ, விண்டர்ஸ்நோ. தனியாக ஸ்நோ (பனி), நைட் (இரவு). கோடைக்குக் கோப்புறை கிடையாது, வெளியே கிடப்பதுதான் கோடை. எல்லாவற்றிலும் படத்தின் பெயர் ஒன்றே, உள்ளே இருக்கும் ஓவியம்தான் வேறு.

எந்தக் கோப்புறைக்குள் போய்த் தேடலாம் என்பதை வடிவத்தோடு வரும் எஸ்டி என்ற சின்னக் கோப்பில் உள்ள ஓர் எண் சொல்கிறது. இந்தக் கட்டுரையே அந்த எண்ணுக்காகத்தான்.

ஸ்நோவுக்கு 1, ஸ்பிரிங்குக்கு 4, ஆட்டமுக்கு 8, விண்டருக்கு 16, ஸ்பிரிங்ஸ்நோவுக்கு 32, ஆட்டம்ஸ்நோவுக்கு 64, விண்டர்ஸ்நோவுக்கு 128, நைட்டுக்கு 256. தண்டவாளப் பனிக்கு 2. வேண்டியவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிட வேண்டும். மரத்துக்கு ஆறு பருவப் படங்களும் இருந்தால் 4+8+16+32+64+128, ஆக 252. கூரையில் பனியும் இரவில் விளக்கெரியும் சன்னலும் கொண்ட ஸ்டேஷன் கட்டடத்துக்கு 1+256, ஆக 257.

கூட்டிய பிறகு எப்படிப் பிரிப்பது? ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு என்பதில்தான் வித்தை. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் நம் பழைய கணக்கில், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் எடுக்கலாம் என்றால், முக்காலை எட்ட ஒரே வழி: ஓர் அரை, ஒரு கால். அதேபோல 252-ஐ இந்த எண்களால் கட்ட ஒரே வழிதான் உண்டு. இரும எண்ணாக எழுதினால் 11111100. எட்டு சுவிட்சு, கடைசி இரண்டு மட்டும் அணைந்திருக்கிறது. ‘குளிர்காலம், தெளிந்த வானம்’ என்றால் நிரல் முதலில் ஸ்நோவின் 1 எரிகிறதா என்று பார்க்கும்; இல்லையென்றால் 16-க்கான சுவிட்சைத் தொட்டுப் பார்க்கும். எரிகிறதா, விண்டர் கோப்புறைக்குள் போ. இல்லையா, கோடைப் படத்தையே மாட்டு. உங்கள் மரத்தின் எண் 0-ஆக இருக்கும். அதனால்தான் பச்சை.

எஸ்டி கோப்பை நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் பழைய விளையாட்டு அதைப் படிக்காது. சிலர் 252-ஐ மந்திரம் மாதிரி கண்ட கண்ட வீட்டுக்கெல்லாம் போட்டுவிடுகிறார்கள். ஆறு கோப்புறையிலும் படம் இல்லாமல் எண்ணை மட்டும் போட்டால், பழைய விளையாட்டு படத்தைக் காணோம் என்று முறையிடும். ஓப்பன் ரெயில்ஸ் பெருந்தன்மையாக வெளிக்கோப்புறைப் படத்தை எடுத்துக்கொள்ளும்; தவறும் வெளியே தெரியாமல் போகும். என்னைக் கேட்டால் முறையிடுவதே நல்லது.

நிலத்துக்கு இந்த ஆறு பருவ வசதி இல்லை. சாதாரணம், பனி என்று இரண்டே நிலை. இலையுதிர்காலத்தில் மரமெல்லாம் செம்பழுப்பாகியும் அடியில் புல் கோடைப் பச்சையாகவே இருப்பது இதனால்தான். குளிர்காலம் என்றால் வானிலை எதுவானாலும் நிலம் வெள்ளை. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பனி பெய்தால் மட்டும் வெள்ளை. கோடையில் எப்போதும் இல்லை.

விழும் பனி வேறு சங்கதி. பாதை முழுக்கப் பனித்துகளைத் தூவினால் கணினி தாங்காது. கேமராவைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி. அதற்குள் மட்டும் துகள்கள். பெட்டியின் பின்பக்கம் வெளியேறும் துகள் முன்பக்கம் நுழையும். துகள் உலகத்தில் தன் இடத்தில் இருக்க வேண்டும், பெட்டிதான் நகர வேண்டும். துகளையும் கேமராவோடு கட்டி இழுத்தால், ரயில் பறந்தாலும் பனி சாவகாசமாக நேர்கீழே விழும். நிஜத்தில் பனித்துகள் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் ரயில் நொடிக்கு 20 மீட்டர் போகிறது. ஓட்டுநர் கண்ணுக்குப் பனி கிடைமட்டத்திலிருந்து 3 பாகை சாய்வில், கிட்டத்தட்ட அம்பு மாதிரி வரும். நொடிக்கு 9 மீட்டர் விழும் பெரிய மழைத்துளிக்கு அதே சாய்வு 24 பாகை.

சக்கரத்தின் பிடிப்பு மூன்றாவது கணக்கு. ஓப்பன் ரெயில்ஸ் பயன்படுத்தும் கர்ட்டியஸ்-க்னிஃப்லர் சூத்திரம்: மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தோடு 44-ஐக் கூட்டி, 7.5-ஐ அதனால் வகுத்து, 0.161-ஐச் சேர்க்க வேண்டும். நின்ற நிலையில் 0.331 வரும், அதாவது பிடிப்பு எடையில் 33 சதவீதம். 100 டன் இன்ஜின் 33 டன் விசையோடு இழுக்கலாம். விளையாட்டில் உள்ள மொன்டானாவின் மரையாஸ் கணவாயில் மேற்குச் சரிவு 1.8 சதவீதம். உருளும் தடையை விட்டுவிட்டால், காய்ந்த தண்டவாளத்தில் இன்ஜினோடு சேர்த்துச் சுமார் 1,800 டன் ஏறும். பிடிப்பு 30 சதவீதம் குறைந்தால் 1,300 டன்கூட ஏறாது. விசைப்பலகையில் எக்ஸ் பொத்தானை அழுத்தித் தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு பருவத்தைப் பார்ப்பதில்லை, வானிலையை மட்டுமே பார்க்கிறது. குளிர்காலமும் தெளிந்த வானமும் வைத்தால் ஊரே வெள்ளையாக இருக்க, தண்டவாளம் மட்டும் காய்ந்து கிடக்கும். கோடையையும் பனிப்பொழிவையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்: பச்சைப் புல்வெளியின் மேல் பனி கொட்டும், ஒரு துளியும் தரையில் தங்காது, சக்கரம் மட்டும் வழுக்கும்.