உள்ளடங்கிய கல்வியா, அனைவருக்கும் ஏற்ற கல்வியா?

பி.எட். மாணவர்களின் குறிப்பேடுகளிலும் ஆசிரியர் பயிற்சிப் பதாகைகளிலும் 'உள்ளடங்கிய கல்வி' திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இன்க்ளூசிவ் எஜுகேஷனுக்கு இதுதான் தமிழ் என்று மனப்பாடம் செய்துவிட்டு, பிள்ளைகள் அப்படியே உயர்நிலைப் பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போகிறார்கள். இது இலக்கணத்துக்கும் பொருந்தவில்லை, பொருளுக்கும் பொருந்தவில்லை.

'இன்க்ளூசிவ்' என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன், உள்ளே வைத்து மூடுதல் என்பது வேர்ப்பொருள். கல்வித் துறையில் இச்சொல் 1994இல் ஸ்பெயினில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் வந்த சலமன்கா பிரகடனத்துக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதற்கு இரண்டு பாதிகளாகப் பொருள் சொல்கிறது. மாற்றுத்திறன் உள்ள மாணவரும் இல்லாதவரும் சேர்ந்து படிக்க வேண்டும். கற்பிக்கும் முறை அவரவர் தேவைக்குத் தக்கபடி மாற வேண்டும். இரண்டாவது பாதியில்தான் உயிர் இருக்கிறது.

சரி, 'உள்ளடங்கிய' என்றால் என்ன? பேருந்து எட்டிப் பார்க்காத ஊரை உள்ளடங்கிய கிராமம் என்போம். பொட்டலத்தின் மேல் 'எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை' என்று போட்டிருக்கும். அடங்கு என்பது தன்வினை. அப்படியானால் 'உள்ளடங்கிய கல்வி' எதற்குள் அடங்கிக் கிடக்கிறது? யாரும் கேட்பதில்லை.

'உள்ளடக்கிய' என்று பிறவினையாக்கிவிட்டால் இலக்கணக் குறை தீரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடக்கு என்ற வினை வகுப்பறையில் என்ன வேலை செய்கிறது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். 'கிளாஸை அடக்கத் தெரியாதவர்' என்று புது ஆசிரியரைப் பேசும் ஊர் இது. வள்ளுவர் அடக்கத்துக்குத் தனி அதிகாரமே தந்திருக்கிறார் என்பார்கள். அது ஒருவர் தானாக அடங்குவது. இன்னொருவர் அடக்குவது வேறு. இலங்கை வழக்கிலுள்ள 'உட்படுத்தல் கல்வி'யும் எனக்கு ஒப்பவில்லை. சோதனைக்கும் விசாரணைக்கும்தான் ஆளை உட்படுத்துவோம்.

இவற்றைவிடப் பெரிய கெடுதல் செய்வது 'ஒருங்கிணைந்த கல்வி'. அது இன்டக்ரேட்டட் எஜுகேஷன் என்ற வேறு முறையின் பெயர். 1974இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் உண்டு. மாற்றுத்திறன் உள்ள குழந்தையைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பார்கள். பள்ளி அப்படியே இருக்கும், குழந்தைதான் அதற்குத் தக்கபடி வளைய வேண்டும். இன்க்ளூஷன் இதற்கு நேர் எதிர். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2016இல் இரண்டையும் தெளிவாகப் பிரித்தே எழுதியது. மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். போதாததற்கு, 2018இல் வந்த, பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்துக்கும் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்றே பெயர் வைத்தாயிற்று. புதிதாக வரும் ஆசிரியர் எதை எதிலிருந்து பிரித்தறிவார்?

சொல் தவறினால் வேலையும் தவறும். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதப் பாடம். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி, "இதை அந்தப் பக்கம் கொண்டுபோனா இது மைனஸ் ஆயிடும், அப்புறம் இதால வகுங்க" என்கிறார். முதல் பெஞ்சில் இருக்கும் பார்வையற்ற மாணவிக்கு 'இது' எது? உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவனுக்கு ஆசிரியரின் முதுகுதான் தெரிகிறது. இருவரும் வகுப்புக்குள் அடங்கித்தான் இருக்கிறார்கள், பாடம் மட்டும் போய்ச் சேரவில்லை. "மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் இருபது" என்று வகுப்பைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்தச் சமன்பாடு எல்லோருக்கும் கிடைத்திருக்கும். இதைச் செய்யச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

'அனைவருக்கும் கல்வி' என்பது ஏற்கெனவே வேறொரு இயக்கத்தின் பெயராகிவிட்டது. 'அரவணைப்புக் கல்வி' என்று சிலர் ஆசையாகச் சொல்கிறார்கள். சட்டம் உரிமை என்கிறது. அரவணைப்பில் இரக்கத்தின் வாடை வீசுகிறது, வேண்டாம். என் தேர்வு 'அனைவருக்கும் ஏற்ற கல்வி'. ஏற்ற என்பதில் பொருத்தமும் இருக்கிறது, ஏற்றுக்கொள்வதும் இருக்கிறது. சட்டம் சொன்ன இரண்டு பாதியும் வந்துவிடுகிறது.

நீளம் என்பார்கள். 'மாற்றுத்திறனாளி'கூட நீளமான சொல்தான்; இன்று பேருந்து இருக்கைக்கு மேலேயே எழுதியிருக்கிறது, எல்லோரும் சொல்லவும் பழகிவிட்டார்கள். சுருக்குகிறேன் என்று 'ஏற்புக் கல்வி' ஆக்கிவிடக் கூடாது. ஏற்பது இகழ்ச்சி என்று ஒளவை சொன்ன ஏற்பு, கையேந்துவது. அந்தப் பொருள் இந்தப் பிள்ளைகள் பக்கம் ஒருபோதும் வரக் கூடாது.