பொதுக் கிருபை: ஒரு சொல் விளக்கம்

பொதுக் கிருபை என்பது இரட்சிப்பைத் தராத, ஆனால் மனிதர் எல்லாருக்கும் கிடைக்கிற தேவ தயவு. மழையும் வெயிலும் விளைச்சலும், குடும்பப் பாசமும், நேர்மையான நீதிமன்றமும், கலையும் கல்வியும் விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் ஒருபோலக் கிடைப்பதைச் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபை இறையியல் இச்சொல்லால் குறிக்கிறது. பாவமன்னிப்பும் மறுபிறப்பும் இதில் சேராது. அவை இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு உரிய இரட்சிப்பின் கிருபை.

கருத்தின் வேர் 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினிடம் உண்டு. அதைத் தனிக் கோட்பாடாக விரித்து 3 தொகுதிகள் எழுதியவர் நெதர்லாந்தின் இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர். அவர் இட்ட பெயர் 'கெமேனெ கிராட்ஸீ'. டச்சு மொழியில் கிருபைக்கு, இரட்சிப்பின் கிருபைக்கும், வழக்கமான சொல் 'கெனாடெ'. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, லத்தீனிலிருந்து வந்த 'கிராட்ஸீ'யை எடுத்தார். 'எல்லாருக்கும் கெனாடெ' என்று எழுதினால், கிறிஸ்து ஒவ்வொருவருடைய இரட்சிப்புக்காகவும் மரித்தார் என்னும் ஆர்மினியக் கொள்கையாகவே (டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் வழியினர் கொள்கை) அது வாசிக்கப்படும் அல்லவா?

கிறிஸ்தவச் சீர்திருத்தச் சபையின் சினோடு, அதாவது அதன் பொதுப் பேரவை, 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கூடி 3 கூற்றுகளை நிறைவேற்றியது. தேவன் எல்லா மனிதர்மேலும் தயவான மனப்பாங்கு உடையவர். தனிமனிதரிலும் சமுதாயத்திலும் பாவத்தை அடக்கிவைக்கிறார். மறுபிறப்பு அடையாதவரும் சமூக வாழ்வுக்குரிய நற்செயல்களைச் செய்ய முடியும். முதல் கூற்றின் டச்சு மூலம் 'ஒருவகைத் தயவு அல்லது கெனாடெ' என்கிறது. கைப்பர் ஒதுக்கிய சொல் தீர்மானத்துக்குள் நுழைந்துவிட்டது. சண்டையின் முள் இதுதான்.

கிராண்ட் ராப்பிட்ஸ் போதகர் ஹெர்மன் ஹூக்ஸிமா இதை ஏற்கவில்லை. மழையும் வெயிலும் எல்லாருக்கும் வருகின்றன என்பதை அவர் மறுக்கவே இல்லை. அது தேவனுடைய பராமரிப்பு, கிருபை அல்ல என்றார். பொருள் நல்லதாக இருப்பதால் மட்டும் அதைக் கொடுத்தவரின் தயவு பெற்றவன்மேல் இருக்கிறது என்று ஆகிவிடாது. தெரிந்துகொள்ளப்படாமல் கைவிடப்பட்டவனுக்குச் செல்வமே கண்ணியாகலாம். சினோடு அவரைத் தண்டிக்கவில்லை. அடிப்படைகளில் அவர் சீர்திருத்தக் கொள்கையினரே, ஒருதலைச் சாய்வு உண்டு என்று மட்டும் சொன்னது. பின்னர் சபையின் வட்டார மன்றங்கள் 3 கூற்றுகளுக்கும் இணங்கக் கேட்டன. மறுத்த ஹூக்ஸிமா 1924 டிசம்பரிலும், அவரோடு மறுத்த போதகர்கள் ஹென்றி டான்ஹாஃப், ஜார்ஜ் ஆப்ஹாஃப் இருவரும் 1925 ஜனவரியிலும் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். இப்பிரிவில் பிறந்தவையே புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபைகள்.

இனி தமிழ்ச் சொல். 'கிருபை' வடமொழிக் 'கிருபா'விலிருந்து வந்தது. 'அருள்' தமிழுக்கே உரியது. டச்சைப் போலவே நமக்கும் இரவல் ஒன்று, சொந்தம் ஒன்று. 'பொது அருள்' தூய தமிழ், கேட்கவும் இனியது. ஆனால் கத்தோலிக்க வழக்கில் 'அருள்'தான் இரட்சிப்பின் கிருபைக்கும் பெயர். ஆகவே கைப்பர் காட்டிய வேறுபாட்டை அச்சொல் காப்பாற்றாது. புராட்டஸ்டன்ட் வாசகருக்கு எழுதும்போது 'பொதுக் கிருபை' என்பதையே வைத்துக்கொள்ளலாம், முதல் முறை வருமிடத்தில் 'இரட்சிப்பைத் தராத' என்ற அடைமொழியோடு. 'உலகளாவிய கிருபை' தவறான ஆக்கம். அது ஆர்மினியப் பொருளுக்கே போய்விடும்.

மேற்கோள் காட்டுவதிலும் பிழை நேர்கிறது. தீத்து 2:11 'எல்லா மனுஷருக்கும்' என்று சொல்வதால் அதை இக்கோட்பாட்டுக்குச் சான்றாக எடுக்கக் கூடாது. அங்கே பேசப்படுவது இரட்சிப்பின் கிருபை. சினோடு காட்டியது சங்கீதம் 145:9, லூக்கா 6:35 போன்ற வசனங்களை. பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சங்கீத வசனம் கர்த்தரை 'எல்லார்மேலும் தயவுள்ளவர்' என்கிறது, 'கிருபை' என்ற சொல் அங்கில்லை. எனவே முதல் கூற்றைத் தமிழாக்குபவர் 'தயவு', 'கிருபை' இரண்டில் ஒன்றை விட்டுவிடாமல் 'ஒருவகைத் தயவு அல்லது கிருபை' என்றே எழுத வேண்டும். 'தயவு' மட்டும் நின்றால் ஹூக்ஸிமா எதை எதிர்த்தார் என்பது மறைந்துபோகும். 'கிருபை' மட்டும் நின்றால் சினோடு சொன்னதைவிட அதிகம் சொன்னதாகிவிடும்.