நிலைப்பாடு: சொல் விளக்கம்

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா? தீராத நோயில் கிடப்பவர் தன்னைச் சாகவிடும்படி கேட்டால் மருத்துவர் உதவலாமா? கருவைக் கலைக்கும் முடிவு யாருடையது? இப்படி ஒரே வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் நிற்க வைக்கும் கேள்விகள் வரும்போது, "இதில் உங்கள் ஸ்டாண்ட் என்ன?" என்று கேட்கிறோம். எழுதும்போது அதையே நிலைப்பாடு என்கிறோம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதை பெரியது. அதைத் தெரிந்துகொண்டால், எதற்கெடுத்தாலும் 'நான் நடுநிலை' என்று சொல்லிக்கொள்வதில் உள்ள சிக்கலும் தெளிவாகும்.

முதலில் சொல்லின் அமைப்பு. நில் என்ற வினையிலிருந்து நிலை. படு என்ற வினை நீண்டு பாடு. உடன்பாடு, முரண்பாடு, கட்டுப்பாடு எல்லாம் இதே வார்ப்பில் வந்தவைதான். ஆக, ஓரிடத்தில் நிலைகொண்டு நிற்பது நிலைப்பாடு. நில் என்பது திராவிட மொழிகளின் பொதுச் சொத்து. கன்னடத்தில் இதே பொருளுக்கு 'நிலுவு' என்பார்கள். மலையாளத்தில் 'நிலபாடு', கிட்டத்தட்ட நம் சொல்லேதான்.

அந்த மலையாள நிலபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பாரதப்புழைக் கரையில் உள்ள திருநாவாயில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமாங்கத் திருவிழா நடந்தது. அதைத் தலைமையேற்று நடத்தும் அரசர் வாளேந்தி ஒரு மேடைமீது நிற்பார். அந்த மேடைக்குப் பெயர் 'நிலபாடு தறை'. வள்ளுவநாட்டு அரசரிடம் இருந்த அந்த உரிமையைக் கோழிக்கோட்டுச் சாமூதிரி கைப்பற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாமாங்கத்துக்கும் வள்ளுவநாட்டிலிருந்து சாவேர் வீரர்கள் வருவார்கள். உயிரோடு திரும்ப மாட்டோம் என்று தெரிந்தே காவல் வரிசைக்குள் பாய்ந்து, மேடையில் நிற்பவரை வெட்ட முயல்வார்கள். நிலபாடு என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, தாக்க வருகிறவர்களுக்கும் எட்டும் தூரத்தில் ஏறி நிற்கும் இடம். அரசியலில் இன்று நாம் சொல்லும் நிலைப்பாட்டுக்கும் இந்தக் குணம் வேண்டும் என்றே நினைக்கிறேன். மனசுக்குள் பூட்டி வைத்திருப்பது அபிப்பிராயம். நாலு பேர் முன்னால் சொல்லி, வருகிற எதிர்ப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கும்போதுதான் அது நிலைப்பாடு.

ஆங்கிலத்தின் 'ஸ்டான்ஸ்' வந்த வழியும் இதுபோலத்தான். 'நில்' என்று பொருள்படும் லத்தீன் வினையான 'ஸ்டாரே' அதன் மூலம். அதிலிருந்து இத்தாலிய மொழியில் 'ஸ்டான்சா', பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். நிற்கும் இடம், கால்களை வைத்து நிற்கும் விதம் என்பவை முதலில் வந்த பொருள்கள். மட்டையாளரின் ஸ்டான்ஸ் என்று கிரிக்கெட் வர்ணனையில் கேட்கிறோமே, அது அந்தப் பழைய பொருள். கருத்து சார்ந்த பொருள் மிகவும் பின்னால் வந்தது. வடமொழியின் 'ஸ்தா'வும் இதே குடும்பம். ஸ்தானம், ஸ்திரம் எல்லாம் அங்கிருந்து நம்மிடம் வந்தவை. தமிழிலும் வில்லாளி கால்வைத்து நிற்கும் விதத்துக்கு 'நிலை' என்றே பெயர். ஆலீடம், பிரத்தியாலீடம் முதலாக அதில் நான்கு வகை சொல்வார்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் பிரித்துக்கொள்வோம். கருத்து மனத்தில் தோன்றுவது. கொள்கை பல காலம் பற்றிக்கொண்டிருப்பது. கொள் என்ற வினை அதற்குள்ளேயே இருக்கிறது. நிலைப்பாடு ஒரு குறிப்பிட்ட கேள்வியின்மேல் எடுப்பது. 'உயிரை எடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை' என்பது ஒருவரின் கொள்கை என்றால், தூக்குத் தண்டனை தொடர்பான ஒரு சட்ட வரைவுக்கு எதிராக அவர் வாக்களிப்பது நிலைப்பாடு. கொள்கை ஒன்றாக இருந்தும் நிலைப்பாடு மாறலாம். அப்படி மாறினால் காரணத்தைச் சொல்லிவிட்டு மாறவேண்டும், அவ்வளவுதான்.

சரி, பழந்தமிழில் இதற்கு என்ன சொன்னார்கள்? இங்கேதான் நன்னூல் கைகொடுக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இந்த இலக்கணம், நூல் எழுதுகிறவர் பிறர் கருத்துகளை எப்படி எதிர்கொள்ளலாம் என்று பாயிரத்தில் 'எழுவகை மதம்' சொல்கிறது. மதம் என்றால் அங்கே சமயம் இல்லை. கொள்கை, கருத்து என்று பொருள். பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பின்னால் களையலாம். தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். யாரோடும் சேராமல் தன் மதத்தையே கொள்ளலாம். இவை ஆறு. இன்னொன்றுதான் நமக்கு வேண்டியது: 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு'. கோள் என்றால் இங்கே கொள்கை. இரண்டு பேர் ஒன்றுக்கொன்று மாறான கொள்கைகளைப் பிடித்து நிற்கும்போது, ஆராய்ந்து ஒரு பக்கத்தைத் துணிவது.

இதைவிடப் பொருத்தமாகச் சொல்லிவிட முடியுமா! பிளவுபடுத்தும் கேள்விக்கு 'மாறுகோள்', நிலைப்பாடு எடுப்பதற்கு 'ஒருதலை துணிவு'. துணிவு என்றால் முடிவுக்கு வருதல். தைரியம் என்ற பொருளும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒருதலை என்பதற்கு ஒருபக்கம் என்பதோடு உறுதி என்ற பொருளும் பழைய தமிழில் உண்டு. நல்ல அமைச்சனின் தகுதிகளில் ஒன்றாக 'ஒருதலையாச் சொல்லல்' என்று திருக்குறள் சொல்கிறது (634). அதே குறளில் அதற்கு முன்னால் வருபவை தெரிதலும் தேர்ந்து செயலும். தெரிந்து, தேர்ந்து, அப்புறம்தான் ஒருதலையாகச் சொல்வது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் காரணம் தேடினால் அதற்குப் பெயர் வேறு: ஒருதலைப்பட்சம்.

இனி நடுநிலை. நியூட்ரல் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'இரண்டில் எதுவுமில்லை' என்று பொருள். திருக்குறளின் நடுவுநிலைமை அதுவே இல்லை. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று துலாக்கோலை அங்கே காட்டுகிறார் வள்ளுவர் (118). அதற்குப் பரிமேலழகர் எழுதும் உரையைக் கவனியுங்கள்: முன்னே தான் சமனாக நின்று, பின்பு தன்மீது வைத்த பாரத்தை வரையறுக்கும் துலாக்கோல். எடை வைப்பதற்கு முன்தான் சமன். வைத்தபின் எந்தத் தட்டு கனம் என்று அது சொல்லியாக வேண்டும். எதை வைத்தாலும் நேராகவே நிற்கிற தராசை யாரும் நேர்மையான தராசு என்று சொல்ல மாட்டார்கள். பகைவர், நண்பர் என்று பார்க்காமல் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் நடுவுநிலைமை. அளந்தபின் தீர்ப்புச் சொல்வதற்கு அது தடையே இல்லை. நாடுகள் விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். 1961-இல் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகள் இரண்டு வல்லரசு அணிகளிலும் சேராதவை. ஆனால் குடியேற்ற ஆதிக்கத்தையும் நிறவெறியையும் எதிர்ப்பதில் ஒருதலையாகவே பேசின.

எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பது நேர்மையான பதில். வழக்கை விசாரிக்கும் நீதிபதி தீர்ப்புக்கு முன் வாய் திறக்கக்கூடாது; வகுப்பில் இருபக்க வாதத்தையும் சொல்லித்தரும் ஆசிரியர் தன் பக்கத்தை ஒதுக்கி வைக்கலாம். இவர்கள் மதில்மேல் பூனைகள் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த பிறகும், பேசினால் ஆதரவாளர்கள் குறைவார்கள் என்பதற்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டால் அதற்குத் தமிழில் ஏற்கெனவே சரியான பெயர் இருக்கிறது: கள்ள மௌனம். அதை நடுநிலை என்று எழுதுவது அந்த நல்ல சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக, பயன்பாடு. பெயர்ச்சொல்லாக 'நிலைப்பாடு' நன்றாகவே வேரூன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. 'ஸ்டாண்ட் எடுத்தார்' என்பதைப் பின்பற்றி வந்த 'நிலைப்பாடு எடுத்தார்' பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 'இன்ன பக்கம் நிற்கிறார்', 'இன்னதென்று துணிந்தார்' என்று எழுதினால் வாக்கியம் இன்னும் இயல்பாக அமையும். 'உறுதியான நிலைப்பாடு' என்பதில் உறுதியான என்ற அடைமொழி தேவைப்படுவதில்லை. 'இருதரப்புக்கும் பொதுவான நிலைப்பாடு' என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். இருதரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்றைக் குறித்தால் அது உடன்பாடு. எந்தத் தரப்பையும் தொடாமல் நழுவும் அறிக்கையைக் குறித்தால் அது மழுப்பல்.