பிள்ளைகளின் சுகருக்குப் போடும் இன்சுலின் ஊசி பழகிப்போகாது, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. மேலூர்ப் பக்கத்திலிருந்து விடிகாலையில் தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள். ஏழு வயது. நாக்கு வறண்டிருந்தது, ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்கினாள், குனிந்தால் அழுகிய பழ வாடை. சுகர் மெஷினில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. அப்பத்தாவின் மஞ்சப்பைக்குள் இன்சுலின் பாட்டில் சீல் பிரிக்காமல் கிடந்தது.

"சின்னப்பிள்ளைக்குத் தினமும் போட்டா ஊசி பழகிப்போயிரும்னாக தாயி. சிறுகுறிஞ்சான் பொடிதான் குடுத்தோம்."

பழகிப்போயிரும்! இதைக் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துவிட்டது. பெரியவர்களுக்கு வரும் சுகரில் கணையம் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும், அதனால் மாத்திரை கேட்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை. அதில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. உடம்பில் இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம். சோறு பழகிப்போகும் என்று யாராவது பட்டினி போடுவார்களா? 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. பொடியும் கசாயமும் அன்றைக்கும் இருந்தனதானே?

அப்புறம், மிட்டாய் தின்று வந்த நோய் இல்லை இது. பெற்ற தாயைத் திட்டாதீர்கள்.

காய்ச்சல், வாந்தி, சாப்பிடவில்லை, எதுவானாலும் ஊசியை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று போட்ட பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு. மாறினால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். மெடிக்கலில் வாங்கும்போதே பாருங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதைத் தூக்கிப் போடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் ஈரமணல் பரப்பி, நடுவே சின்னச் சட்டியில் மருந்தை நனையாமல் வைக்கலாம். சித்திரை வெயிலில் அழகரைப் பார்க்க வருகிறவர்கள் மருந்தை வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். காசில்லையா, அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள், இலவசம்.

பிள்ளைக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் சுகர் ரொம்ப இறங்கியிருக்கும்; மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி டெஸ்ட் பண்ணுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

மேலூர்ப் பிள்ளை மூன்றாம் நாள் இட்லி கேட்டாள். அப்பத்தா சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கோடு கோடாக எண்ணிப் பழகுகிறார்.

டீச்சர்மாரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் பாத்ரூம் போகக் கேட்டால் உடனே அனுப்புங்கள். சட்டைப்பையில் வைத்திருக்கும் மிட்டாயைப் பிடுங்காதீர்கள்.