டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சோலார் இன்வெர்ட்டர்: எர்த்துக்கு ஏன் கசிகிறது, எப்படி நிறுத்துகிறார்கள்?

பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டு ஏசியாக மாற்றும் பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர். பழையதைச் சுவரில் மாட்ட இரண்டு பேர் வேண்டும். இப்போது வருவதை ஒருவரே தூக்கி மாட்டிவிடுகிறார். உள்ளே இருந்த இரும்பும் செம்புமான டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதுதான் முக்கியக் காரணம். கூடவே, சூடாகி வீணான ஒன்றிரண்டு சதவீத மின்சாரமும் மிச்சம்.

ஆனால் அந்தக் கட்டி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அதன் இரு சுருள்களுக்கு நடுவே கம்பித் தொடர்பே கிடையாது, காந்தப்புலம் மட்டும்தான். அதனால் மாடியில் இருக்கும் பேனலும் தெருவில் ஓடும் லைனும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன. அதை எடுத்துவிட்டால் இரண்டும் நேரடியாக இணைந்துவிடும். தெரு லைனின் நியூட்ரலோ ஏற்கெனவே எர்த் செய்யப்பட்டது.

இங்கேதான் பேனல் தன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. உள்ளே சிலிக்கான் செல்கள், வெளியே எர்த் செய்த அலுமினியச் சட்டம், நடுவில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். இரண்டு தகடு, நடுவே மின்கடத்தாப் பொருள் என்றால் அது கெப்பாசிட்டர்தானே? அதன் மேல் மின்னழுத்தம் ஏறி இறங்கி ஆடினால், அதன் வழியே எர்த்துக்கு மின்சாரம் கசியும்; ஆட்டம் வேகமானால் கசிவும் கூடும். மழையில் கண்ணாடி நனைந்தால் தண்ணீர்ப் படலமும் தகடாகச் சேர்ந்துகொள்ளும்.

3 கிலோவாட் பேனல்களுக்கு இந்தக் கெப்பாசிட்டர் 300 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 ஹெர்ட்ஸில் 115 வோல்ட் ஆடினால் கசிவு வெறும் 11 மில்லி ஆம்பியர். அதுவே 20,000 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் ஆடினால், வழியில் எந்தச் சுருளும் தடுக்காதபோது, கிட்டத்தட்ட 3.8 ஆம்பியர்! ஜெர்மனியின் மின்தொழில்நுட்பத் தர அமைப்பான விடிஇயின் விதிப்படி 300 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இன்வெர்ட்டர் 0.3 நொடிக்குள் லைனை விட்டுக் கழன்றுவிட வேண்டும்.

அந்த வேகமான ஆட்டம் எங்கிருந்து வருகிறது? இன்வெர்ட்டருக்குள் டிசியை ஏசியாக்கும், ‘பாலம்’ எனப்படும் நான்கு ஸ்விட்ச் கொண்ட சாதாரண சுற்றில், அலையைச் செதுக்க இடையிடையே வெளியீட்டைப் பூஜ்யமாக்குவார்கள். 400 வோல்ட் டிசி இருந்தால், ஒவ்வொரு முறையும் பேனல் மொத்தமும் பூமியைப் பொறுத்து 200 வோல்ட் எகிறிக் குதிக்கும். ஜெர்மனியின் எஸ்எம்ஏ நிறுவனம் கொண்டுவந்த எச்5 அமைப்பு, அந்தப் பூஜ்ய நேரத்தில் ஐந்தாவது ஸ்விட்சால் பேனலைத் துண்டித்துவிடுகிறது. எளிய யோசனைதான், நன்றாகவே வேலை செய்கிறது.

வெளியீட்டைப் படிக்கட்டு போலப் பல மின்னழுத்தங்களில் தரும் பல படி இன்வெர்ட்டர் வேறு வழியில் போகிறது. 1981-இல் ஜப்பானின் நபே, தகஹாஷி, அகாகி மூவரும் மோட்டார்களுக்காக எழுதிய ஆய்வில் இருந்த அமைப்பு இது. இரண்டு கெப்பாசிட்டர்களை வரிசையாக வைத்து, நடுப்புள்ளியை நியூட்ரலோடு கட்டிவிட்டால், பேனலின் இரு முனையும் பூமிக்கு மேலே பாதி, கீழே பாதி என்று அசையாமல் நிற்கும். ஆட்டமே இல்லையென்றால் கசிய என்ன இருக்கிறது? விலை என்னவென்றால், 230 வோல்ட் லைனின் உச்சம் 325 என்பதால், டிசி பக்கம் 650-க்கு மேல் வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சும் தாங்குவது அதில் பாதிதான். அதனால் ஸ்விட்சை அணைத்துப் போடும்போது ஆகும் இழப்பு குறைகிறது.

இதில் பிளஸ், பூஜ்யம், மைனஸ் என்று மூன்று படி. அந்த மூன்றை ஐந்தாக்கினால் படிக்கட்டு சைன் அலைக்கு இன்னும் நெருங்கும், வடிகட்டிச் சுருளும் சிறுக்கும். அதற்காகப் படியைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. மின்சாரம் கடக்கும் ஸ்விட்சுகள் கூடினால் இழப்பும் கூடும். கெப்பாசிட்டர்களைச் சமமாக வைத்திருப்பது தனித் தலைவலி. ஆய்வுகளில் 9, 13 படி எல்லாம் பார்க்கலாம். வீட்டுச் சுவருக்கு ஐந்தே போதும் என்பது என் கணிப்பு.

இன்வெர்ட்டர் சுற்றுகளில் இன்னொரு குடும்பம், பேனலின் மைனஸ் கம்பியையே நியூட்ரலோடு கட்டிவிடுவது. கசிவுக் கெப்பாசிட்டரின் இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம், கதை முடிந்தது. அலையின் எதிர்ப்பாதிக்கு, பேனலிடமிருந்து நிரம்பிய ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுகிறார்கள். நேர்ப்பாதியில் அதையே பேனலோடு வரிசையாகச் சேர்த்தால் மின்னழுத்தம் இரட்டிக்கும். ஆனால் நிரம்பும் நொடியில் மின்னோட்டம் குபீரென்று பாயும். அதை அடக்கச் சின்னதாக ஒரு சுருளைச் சேர்ப்பார்கள்.

இந்தச் சுற்றுகளில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருந்தால், 10 டிகிரி சூடு ஏறும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. வேலூர் வெயிலில் இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்டச் சொல்கிறவரிடம், நிழலான வேறு சுவர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.