ஜீனியஸ்: சொல் விளக்கம்

தருமபுரி பேருந்து நிலையம் அருகே ஓர் ஓவிய வகுப்பின் பதாகை. 'எங்கள் ஜீனியஸ்கள்' என்ற தலைப்பின் கீழ் ஆறு படங்கள், ஆறும் பையன்கள். மாடிக்கு ஏறிப் பார்த்தால், பாயில் உட்கார்ந்து வரைபவர்களில் பாதிக்கு மேல் சிறுமிகள்.

பதாகை எழுதியவர் அறியாமலே சொல்லின் பூர்விகத்துக்குப் போய்விட்டார். இலத்தீனில் இது 'கெனியுஸ்'. பிறப்பித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ரோமானியர்களுக்கு அது ஆணோடு கூடவே பிறந்து அவனைக் காக்கும் தெய்வம். பெண்ணைக் காப்பதற்கு யூனோ என்று வேறு பெயர். காலப்போக்கில் காவல் தெய்வம் திறமையாயிற்று, திறமை ஆளாயிற்று. யூனோவுக்கு அந்தப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

இந்தச் சொல்லை உலுக்கியவர் லிண்டா நாக்லின். 1931இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து 2017இல் மறைந்த கலை வரலாற்றாசிரியர். மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்று 1971இல் ஒரு கட்டுரையில் கேட்டார். மறைந்து கிடக்கும் பெயர்களைத் தேடி நீட்டுவது மட்டும் பதிலாகாது, கேள்வியே கோணல் என்பது அவர் வாதம். ஜீனியஸ் என்பது உள்ளே புதைந்திருக்கும் தங்கக்கட்டி அல்ல. கற்றுக்கொடுக்க ஆளும் இடமும் வேண்டும். லண்டன் ராயல் அகாதெமியில் ஆடையற்ற உடலைப் பார்த்து வரையும் வகுப்புக்குள் 1893 வரை மாணவிகளை விடவில்லை. பிக்காசோவின் தந்தை ஓவிய ஆசிரியர். பிறந்தது பெண்ணாக இருந்தால் அத்தனை அக்கறை காட்டியிருப்பாரா என்றும் நாக்லின் கேட்டார்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் ஆண்ட ஊர். தகடூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அதியமான் பரிசிலைத் தாமதித்தபோது, அவன் வாயிற்காவலனிடம் ஒளவையார் வெடித்த புறநானூற்றுப் பாட்டில் (206) தம்மைப் போன்றவர்களுக்கு ஓர் உவமை சொல்கிறார்: 'மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர்'. மழுவோடு காட்டுக்குள் போகும், கைத்திறமுள்ள தச்சன் பிள்ளைகளுக்கு எங்கும் பிழைப்பு உண்டு. அங்கே திறமை தெய்வம் தந்ததல்ல, தச்சன் வீட்டுப் பழக்கம். ஆனால் சொன்னவர் பெண், உவமையில் வருவதோ பையன்கள்!

தமிழில் 'மேதை' நிலைத்துவிட்டது. வடசொல்தான், இருபாலருக்கும் பொது என்பதால் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 'மேதாவி' வேண்டாம், நம் ஊரில் அது பாதி நேரம் கிண்டல். திருக்குறளின் 'பேரறிவாளன்' ஆண்பால். 'பேரறிவாளர்' என்றால் சரியாகிவிடும். கலைஞர்களுக்கு மட்டும் நான் ஒளவையிடம் கடன் வாங்கி 'கைவல்லார்' என்பேன். பதாகையிலும் இடம் குறைவாகத்தான் பிடிக்கும்; மிச்ச இடத்தில் இரண்டு சிறுமிகளின் படம் போடலாம்.